எலைற் டேஞ்சரஸில் உயிருள்ள உலகங்களைக் கணக்கெடுத்தல்: எந்த விண்மீன்களை எண்ணுகிறோம்?

கோப்பாயிலிருந்து எழுதிய தம்பி கேட்டிருப்பது இதுதான். விண்கலமோட்டிப் பால்வீதியைச் சுற்றிவரும் எலைற்: டேஞ்சரஸ் என்ற கணினி விளையாட்டில் தான் சென்று பார்த்த தொகுதிகள் அனைத்தையும் அவர் ஒரு விரிதாளில் பதிந்து வைத்திருக்கிறார். தொகுதி என்று இங்கே சொல்வது ஒரு விண்மீனையோ சில விண்மீன்களையோ அவற்றைச் சுற்றும் கோள்களோடு சேர்த்து. அவருக்குக் கிடைத்த பூமியொத்த உலகங்களில் பெரும்பாலானவை, சூரியனைவிடச் சற்று வெப்பமான எஃப் வகை விண்மீன்களைச் சுற்றியே இருந்திருக்கின்றன. எம் வகைச் செங்குள்ளர்களை, அதாவது சிறிய, மங்கிய, சிவப்பு விண்மீன்களை, சுற்றி ஒன்றுகூட அகப்படவில்லை. பால்வீதியில் உயிர் எஃப் விண்மீன்களைச் சுற்றியே அதிகம் என்று இதிலிருந்து முடிவு செய்யலாமா, அதைப் பல்கலைக்கழகச் செயற்றிட்டமாகக் கொடுக்கலாமா, இல்லையென்றால் எப்படிக் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

விளையாட்டின் பால்வீதிக்குள் எஃப் விண்மீன்கள் முன்னிற்பது உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் உங்கள் விரிதாள் அதைக் காட்டவில்லை, தம்பி. உங்கள் கப்பல் எந்த வழியால் போனது என்பதையே அது காட்டுகிறது. இந்த இரண்டையும் பிரித்தெடுக்காத வரையில் எத்தனை ஆயிரம் வரிகள் சேர்த்தாலும் பயனில்லை. பிழையான முறையில் சேர்த்த தரவு கூடக்கூடப் பிழையான முடிவின் மீதான நம்பிக்கைதான் கூடும்.

கப்பல் வழியைத் தீர்மானிப்பது எரிபொருள். மிக வெப்பமான ஓ தொடக்கம் மிகக் குளிர்ந்த எம் வரையான ஓ, பீ, ஏ, எஃப், ஜீ, கே, எம் ஆகிய ஏழு வகை விண்மீன்களிலிருந்து மட்டுமே எரிபொருள் அள்ள முடியும் என்பதால், நெடுந்தூரம் போகிறவர்கள் வழித்திட்டத்தில் அந்த ஏழையும் தெரிந்துவிட்டு மற்றவற்றை வடிகட்டி நீக்கிவிடுகிறார்கள். விண்மீனாக எரியத் திணிவு போதாத பழுப்புக் குள்ளர்களும் ரீ டோரி வகை இளம் விண்மீன்களும் அப்போதே கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. அவசரக்காரர்கள் நியூத்திரன் விண்மீன்களின் தாரையில் கப்பலைச் செலுத்தி, தொகுதிக்குத் தொகுதி ஒரே தாவலில் கடக்கும் தூரத்தை நான்கு மடங்காக்கிக்கொண்டு, நியூத்திரனிலிருந்து நியூத்திரனுக்கே போகிறார்கள். பணம் நோக்கமாக உள்ளவர்களோ எஃப், ஜீ வகைகளில் நல்ல உலகங்கள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அவற்றை மட்டும் தெரிவு செய்கிறார்கள். அங்கே கிடைப்பதைப் பதிகிறார்கள். அந்தப் பதிவைப் பார்த்து அடுத்தவரும் அங்கேயே போகிறார். கண்டி வீதியின் இருபுறமும் உள்ள கட்டடங்களை மட்டும் எண்ணிவிட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாதிப்பேர் கடைக்கு மேல்தான் குடியிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதுவதற்கு இது ஒப்பானது. எண்ணியதில் பிழை இருக்காது. எண்ணிய இடந்தான் பிழை.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. சூரியனின் அயலில் உள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எம் வகைச் செங்குள்ளர்கள். நமது சூரியன் சேர்ந்த ஜீ வகை நூற்றுக்கு ஏழு அளவிலும், எஃப் வகை நூற்றுக்கு மூன்று அளவிலுமே உள்ளன. ஓ வகை பத்து இலட்சத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இந்த விகிதம் தலைகீழாகத் தெரியும். நமது அகலாங்கு வடக்கு 9.7 பாகை அளவில் இருப்பதால் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தென்சிலுவை எனப்படும் திரிசங்கையும் நாம் பார்க்கிறோம். அவ்வளவு விரிந்த வானத்தைப் பார்த்தும், வெறுங்கண்ணுக்கு ஒரு செங்குள்ளன்கூடத் தெரிவதில்லை. பஞ்சாங்கத்தின் இருபத்தேழு நட்சத்திரங்களிலும் அவ்வகை ஒன்றும் இல்லை. சிவப்பாகத் தெரியும் திருவாதிரையும் கேட்டையும் மிகப் பெரிய, மிகப் பிரகாசமான செம்பேரரக்கர்கள். சூரியனுக்கு மிக அண்மையில், 4.24 ஒளியாண்டில் இருக்கும் புறொக்சிமா செங்குள்ளனாக இருப்பதாலேயே தொலைநோக்கியின்றித் தெரிவதில்லை. பிரகாசத்தை வைத்துத் தெரிவுசெய்த பட்டியலில் பிரகாசமானவை அளவுக்கு மீறி இடம்பிடிக்கும் என்பதைச் சுவீடன் வானியலாளர் மால்ம்குவிஸ்ற் 1920களிலேயே கணித ரீதியாக விளக்கினார். உங்கள் விரிதாளில் நடந்திருப்பதும் அதன் உறவுக்காரச் சிக்கல்தான். பிரகாசத்துக்குப் பதிலாக எரிபொருள்.

உண்மை வானியலாளருக்குக் கிட்டாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு என்பதால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த விளையாட்டில் அநேகமான விண்மீன்களின் பெயரிலேயே குடித்தொகைக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 2014 டிசெம்பரில் வெளியான எலைற்: டேஞ்சரஸின் பால்வீதியில் 400 பில்லியன் தொகுதிகள் உள்ளன. ஒன்றரை இலட்சம் அளவிலானவை உண்மையான வானியல் அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மற்றவற்றை ஸ்ரெல்லர் ஃபோர்ஜ் என்னும் செய்நிரல், அந்தந்த இடத்தில் இருக்கவேண்டிய திணிவைப் பங்கிட்டு உருவாக்குகிறது. வெளி முழுவதும் 1,280 ஒளியாண்டு பக்கமுள்ள சதுரமுகிப் பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் பாதிபாதியாக 640, 320, 160, 80, 40, 20, 10 ஒளியாண்டு வரை உடைக்கப்படுகிறது. இந்த எட்டு அளவுகளுக்கும் எட்டுச் சின்ன எழுத்துகள் உண்டு: மிகச் சிறிய பெட்டிக்குச் சின்ன ஏ, மிகப் பெரியதற்குச் சின்ன எச். தொகுதியின் மொத்தத் திணிவு கூடக்கூட அது பெரிய பெட்டியில் வைத்துப் பெயரிடப்படுகிறது.

ஒரு தொகுதியின் பெயரைப் பார்த்தால், முதலில் பகுதியின் பெயர் வரும், பிறகு மூன்று பெரிய எழுத்துகள், பிறகு இந்தச் சின்ன எழுத்து, அதையடுத்து ஓர் எண், ஒரு சிறுகோடு, மீண்டும் ஓர் எண். கடைசி எண் அந்தப் பெட்டிக்குள் அத்தொகுதியின் தொடரிலக்கம். அது பூச்சியத்தில் தொடங்கும். அதற்கு முந்திய எண் பெட்டியின் இடத்தைக் குறிப்பது. அது பூச்சியமானால் எழுதப்படாமலே விடப்படும் என்பதைக் கவனியுங்கள், இல்லையேல் தொடரிலக்கத்தையும் பெட்டியையும் மாறி வாசித்துவிடுவீர்கள். பெயரிலுள்ள சின்ன எழுத்தையும் விண்மீனின் நிறமாலை வகையைக் குறிக்கும் பெரிய எழுத்தையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. சின்ன ஏ பெட்டிகளில் பழுப்புக் குள்ளர்களும் மிக மங்கிய எம் விண்மீன்களும் இருக்கும். சின்ன பீயில் பெரும்பாலும் எம். சின்ன சீயில் கே, ஜீ. சின்ன டீயில் எஃப், ஏ. அதற்கு மேலே பாரமான பீ, ஓ விண்மீன்களும் கருந்துளைகளும் வரும். எல்லைகள் கூர்மையானவையல்ல. இரண்டு சிறிய விண்மீன்கள் சேர்ந்த தொகுதி மொத்தத் திணிவால் ஒரு படி மேலே ஏறிவிடக்கூடும்.

இதன் பயன் என்னவென்றால், கப்பலை அசைக்காமலே ஒரு பெட்டியின் விண்மீன் தொகையை அறியலாம். பால்வீதி வரைபடத்தின் தேடற் பெட்டியில் ஒரு சின்ன டீ பெட்டியின் பெயரைத் தொடரிலக்கம் 50 உடன் இட்டுப் பாருங்கள். இருந்தால் 100 இடுங்கள், அந்த 100 இல்லையென்றால் 75, இப்படி இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் ஏழெட்டுத் தேடல்களில் கடைசி இலக்கம் தெரிந்துவிடும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் அந்தப் பெட்டியில் அவ்வகைத் தொகுதிகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் ஒரு சின்ன டீ பெட்டியின் கனவளவு 5,12,000 கன ஒளியாண்டு, ஒரு சின்ன ஏ பெட்டியின் கனவளவு 1,000 மட்டுமே. ஆகவே ஒரே வெளியை ஒப்பிட வேண்டுமானால், அந்த டீ பெட்டிக்குள் அடங்கும் 512 ஏ பெட்டிகளில் சிலவற்றை எழுமாற்றாக எடுத்து, சராசரியைக் கண்டு பெருக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் செங்குள்ளர்கள் அரிது என்று எழுதுகிறார்கள்.

தொகை தெரிந்தபின் மாதிரி எடுப்பது இலகு. பூச்சியத்திலிருந்து கடைசி இலக்கம் வரை விரிதாளின் எழுமாற்று எண் கட்டளையால் சில இலக்கங்களைப் பெற்று, அந்தத் தொகுதிகளுக்கு மட்டும் போங்கள். போகும் வழியில் கண்ணைப் பறிக்கும் வேறு தொகுதி வந்தால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பட்டியலில் பழுப்புக் குள்ளன் வந்தால், எரிபொருள் கிடைக்காது என்ற காரணத்தால் அதைக் கைவிடவும் கூடாது. முன்னதாகவே தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு திணிவு எழுத்துக்கும் தனித்தனியாக இப்படி மாதிரி எடுத்து, இறுதியில் அந்தந்த எழுத்தின் மொத்தத் தொகையால் நிறையிட்டுச் சேர்ப்பதைத்தான் உங்கள் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் படையாக்கிய எழுமாற்று மாதிரி என்று கற்பித்திருப்பார்.

அடுத்தது, எதை உயிர் என்று எண்ணுகிறீர்கள் என்பது. நீங்கள் பூமியொத்த உலகங்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். விளையாட்டு தரும் விபரணைப்படி நீருலகங்களிலும் அமோனியா உலகங்களிலும் உயிர் உண்டு. வாயுப் பெருங்கோள்களிலும் நீர் அடிப்படையிலோ அமோனியா அடிப்படையிலோ உயிருள்ள இரு வகைகள் உள்ளன. 2021 மே மாதம் வந்த ஒடிசி விரிவாக்கத்துக்குப் பின் மெல்லிய வளிமண்டலமுள்ள சிறு உலகங்களில் இறங்கிச் செடிகொடிகளையும் பக்ரீரியாப் படலங்களையும் ஆராயலாம். இவற்றை ஒரே நிரலில் போட்டால் கிடைக்கும் மொத்தத்துக்கு எந்தப் பொருளும் இராது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வெப்பநிலையில், வேறு தூரத்தில், வேறு வகை விண்மீனைச் சுற்றி அமைவது. பூமியாக மாற்றத்தக்கது என்ற குறிப்பு உயிரின் அடையாளமே அன்று. பலர் அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு கோளை எந்த விண்மீனின் கணக்கில் வைப்பது என்பதும் பார்வைக்குத் தோன்றுவதைவிடச் சிக்கலானது. தொகுதிக்குள் நுழையும்போது முன்னே நிற்கும் விண்மீன் எஃப் ஆக இருக்கலாம். பூமியொத்த உலகமோ ஓர் இலட்சம் ஒளிச்செக்கன் தள்ளியிருக்கும் ஜீ வகைத் துணையைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். நுழைவு விண்மீனை மட்டும் பதிந்திருந்தால் உங்கள் எஃப் வெற்றிகளில் ஒரு பங்கு ஜீக்கு உரியது. கணினியில் விளையாட்டு தானாக எழுதிவைக்கும் பயணப் பதிவுக் கோப்பில், ஆராயப்பட்ட ஒவ்வொரு கோளும் எதைச் சுற்றுகிறது, அது எதைச் சுற்றுகிறது என்ற தாய் வரிசை முழுவதும் இருக்கிறது. கையால் பதிவதை விட்டுவிட்டு அந்தக் கோப்பைப் படிக்கும் ஒரு சிறு செய்நிரலை எழுதுங்கள். இரண்டு விண்மீன்களைச் சேர்த்துச் சுற்றும் கோள்களுக்குத் தனி நிரல் வைத்துவிடுங்கள்.

வெறுங்கையோடு திரும்பிய தொகுதிகளும் அதே கோப்பில் இருக்கும், அவற்றை அழிக்காதீர்கள். தொகுதிக்குள் நுழைந்ததும் கப்பலின் வருடியால் அனுப்பும் முதல் துடிப்பு, விளையாடுவோர் ஹொங்க் என்பது, எத்தனை கோள்கள் உள்ளன என்பதைச் சொல்லும். அதற்குப் பின் முழு நிறமாலை வருடியைத் திறந்தால் ஒவ்வொரு வகைக் கோளும் அதிர்வெண் பட்டையில் தனக்குரிய இடத்தில் குறி காட்டும். பூமியொத்த உலகங்களை மட்டும் தேடுகிறவர் பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு இல்லையென்று பதிந்தால் அது நேர்மையான பூச்சியந்தான். ஆனால் உயிரியற் குறிகள் ஒவ்வொரு கோளையும் வருடிய பிறகே தெரியவரும் என்பதால், அவற்றை எண்ணுகிறவர் எல்லாக் கோள்களையும் முடிக்கவேண்டும். பாதியில் நிறுத்திய தொகுதி கணக்குக்கு உதவாது. நல்லதொன்று கிடைத்தவுடன் அன்றைய வேலையை நிறுத்தும் பழக்கமும் விகிதத்தை மெல்ல உயர்த்திவிடும்.

இனி அந்த எம் வகைப் பூச்சியத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்த எம் தொகுதிகள் நாற்பது என்று கொள்வோம். நாற்பதில் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், உண்மை விகிதம் பூச்சியம் என்று பொருளல்ல. மூன்றை மாதிரியின் அளவால் பிரித்தால் 95 சதவீத நம்பிக்கையுடன் கூடிய மேல் எல்லை கிடைக்கும் என்பது புள்ளிவிபரவியலில் கைக்கொள்ளும் எளிய விதி. மூன்றை நாற்பதால் பிரித்தால் நூற்றுக்கு ஏழரை. அதாவது, நூறு செங்குள்ளர்களில் ஏழில் பூமியொத்த உலகம் இருந்தாலும் உங்கள் நாற்பதில் ஒன்றும் அகப்படாமல் போகக்கூடும். எஃப் பக்கத்திலும் இதே அவதானம் வேண்டும். நான்கு கண்டுபிடிப்புகள் என்றால் அதன் நிச்சயமின்மை வர்க்கமூலமான இரண்டு, ஆகவே இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் எதுவும் ஆகலாம்.

இங்கேதான் உங்கள் கேள்வியே இரண்டாகப் பிளக்கிறது. ஒரு விண்மீனுக்கு எத்தனை உயிருள்ள உலகங்கள் என்பது ஒரு கேள்வி. உயிருள்ள உலகங்களில் பெரும்பகுதி எந்த வகை விண்மீன்களைச் சுற்றி இருக்கிறது என்பது வேறு கேள்வி. விளக்கத்துக்காக மட்டும், எஃப் விண்மீன்கள் ஐம்பதில் ஒன்றில் பூமியொத்த உலகம் உண்டு என்றும், எம் விண்மீன்கள் ஆயிரத்தில் ஒன்றில்தான் உண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். விண்மீன்களில் நூற்றுக்கு மூன்று எஃப், நூற்றுக்கு எழுபத்தைந்து எம் என்றால், ஓர் இலட்சம் விண்மீன்களில் எஃப் தரப்பில் 60 உலகங்களும் எம் தரப்பில் 75 உலகங்களும் வரும். விகிதத்தில் இருபது மடங்கு பின்தங்கியும் எம் முந்திவிடுகிறது. நாற்பது தொகுதிகளைப் பார்த்தவர் ஆயிரத்தில் ஒன்றை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. தேடிப் போகும் விளையாட்டு வீரருக்கு எஃப் தான் சரியான தெரிவு. பால்வீதியின் குடித்தொகையை எழுத நினைப்பவருக்கு எம் தொகுதிகளை ஆயிரக்கணக்கில் பார்க்காமல் வழியில்லை.

அவ்வளவையும் தனியாளாகச் செய்ய முடியாது என்றால், வீரர்கள் தங்கள் பயணப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈ.டீ.எஸ்.எம். போன்ற பொதுத் தரவுத்தளங்கள் உள்ளன. பெரும் களஞ்சியம்தான், எல்லோரும் சேர்ந்து பார்த்தது பால்வீதியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது வேறு விடயம். ஆனால் 2018 டிசெம்பருக்கு முன் வருடி இயங்கிய விதம் வேறு. அப்போது ஒரே துடிப்பில் கோள்கள் யாவும் தொகுதி வரைபடத்தில் தோன்றிவிடும். நீலமாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பறந்துபோய் ஆராய்ந்துவிட்டு, சாம்பல் நிறத்தவற்றை விட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் உயிருள்ள உலகங்கள் அளவுக்கு மீறி இருப்பதற்கு இதுவே காரணம். கோள்களின் மொத்த எண்ணிக்கையும் ஆராயப்பட்ட எண்ணிக்கையும் ஒத்துவரும் தொகுதிகளை மட்டும் எடுங்கள். அப்படி எடுத்தாலும் வழித்தெரிவின் சாய்வு அதில் இருக்கத்தான் செய்யும். உங்கள் எழுமாற்று மாதிரியோடு ஒப்பிட்டு அந்தச் சாய்வு எவ்வளவு என்று அளப்பதே ஒரு நல்ல அத்தியாயமாகும்.

உண்மை வானத்தைப் பற்றி இது என்ன சொல்லும்? உயிரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. செய்நிரலை எழுதியவர்கள் உயிர் எங்கே அமையலாம் என்று கருதினார்களோ அதையே நீங்கள் மீட்டெடுக்கிறீர்கள். மெய்யுலகில் எஃப் விண்மீன்களுக்கு எதிரான வாதம் ஆயுட்காலம்: சூரியன் நிலையாக எரியும் காலம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள், வெப்பமிகு எஃப் விண்மீன்களுக்கு அதில் மூன்றிலொரு பங்கு அளவுகூடத் தேறாது. பூமியின் வளியில் ஒட்சிசன் கணிசமாகச் சேர்ந்தது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், அதாவது பூமி தோன்றி 200 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு. எம் விண்மீன்களோ மிக நெடுங்காலம் எரிபவை, ஆனால் சீற்றமிக்க சுவாலைகளை வீசுபவை. 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ட்ராப்பிஸ்ற்-1 என்ற செங்குள்ளனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டபின் அத்தொகுதி விளையாட்டிலும் இடம்பெற்றது. அக்கோள்களில் வளிமண்டலம் உண்டா என்பதைத்தான் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கெப்ளர் விண்கலம் 2009 முதல் 2018 வரை கண்ட 2,600க்கு மேற்பட்ட கோள்களிலும் விண்மீனுக்கு அண்மையில் விரைந்து சுற்றுபவையே அதிகம், ஏனென்றால் குறுக்கே அடிக்கடி கடப்பதைத்தான் அது இலகுவில் காணும்.

ஆகவே செயற்றிட்டத்தின் தலைப்பை "பால்வீதியில் உயிர்" என்று வைக்காதீர்கள். "செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒரு பால்வீதியில் மாதிரியெடுப்புச் சாய்வை அளவிடல்" என்று வைத்தால் எந்தப் பரிசோதகரும் மறுக்கமாட்டார்.

இறங்கி ஆராயும் உயிரியலைச் சேர்க்க விரும்பினால் அளவாகச் சேருங்கள். ஓர் இனத்துக்கு மூன்று மாதிரிகள் வேண்டும், அவற்றுக்கிடையில் குறித்த தூரமும் வேண்டும். விளையாட்டின் பேரினங்களில் பக்ரீரியத்துக்கு 500 மீற்றர், ஓசியஸுக்கு 800 மீற்றர், எலெக்ரிக்கேக்கு ஒரு கிலோமீற்றர். நேரத்தை விழுங்கும் வேலை. கோளின் மேற்பரப்பை ஆய்கருவி எறிந்து வரைபடமாக்கினாலே பேரினங்களின் பெயர்கள் தெரிந்துவிடும் என்பதால், பேரினக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் தரையிறங்கத் தேவையில்லை. விகிதம் காணும்போது பகுதியாக, அதாவது வகுக்கும் எண்ணாக, வைக்க வேண்டியது எல்லாக் கோள்களையும் அல்ல, இறங்கத்தக்க, மெல்லிய வளிமண்டலமுள்ள கோள்களை மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலான இனங்கள் பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 0.27 பங்குக்கு மேல் உள்ள இடங்களில் வருவதில்லை, ஸ்ராற்றம் என்ற பேரினம் ஒரு விதிவிலக்கு.

தொடங்கும் இடத்தைச் சூரியனிலிருந்து குறைந்தது 2,000 ஒளியாண்டு தள்ளித் தெரிவுசெய்யுங்கள். அண்மையில் உண்மை அட்டவணை விண்மீன்களும் கையால் பெயரிடப்பட்ட வட்டாரங்களும் கலந்திருப்பதால் தொடரிலக்கங்கள் துண்டுபட்டிருக்கும். நுழைவு அனுமதி மறுக்கப்பட்ட பகுதிகளையும் தவிருங்கள். தனியாக விளையாடினாலும் இணைய இணைப்பு அறாதிருக்க வேண்டிய விளையாட்டு இது, ஆகவே இரவுநேரத் தரவுப் பொதியை நம்பியிருப்பவர் தேடல்களையும் பட்டியலையும் ஓர் இரவிலும் பயணங்களைப் பிற இரவுகளிலும் வைத்துக்கொள்வது வசதி. நண்பர்கள் சேர்ந்தால் ஒருவருக்கு ஒரு திணிவு எழுத்து என்று பங்கிடாதீர்கள், ஒருவரின் கவனக்குறைவு ஒரு வகை விண்மீனின் தலையிலேயே விழுந்துவிடும். எல்லா எழுத்துகளிலிருந்தும் எல்லோருக்கும் சமமாக இலக்கங்களைப் பிரித்துக்கொடுத்து, ஒரு சில தொகுதிகளை இருவர் தனித்தனியே பார்த்து ஒப்பிடும்படி வையுங்கள்.